நடுக்களத்தில் நிற்பவர்

ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்தின் கரையில் மாலை வேளைகளில் கூடிப் பேசுவது எங்கள் நெடுநாள் வழக்கம். அர்ச்சுனா நதியின் குறுக்கே கட்டிய அணை இது. விருதுநகருக்குக் குடிநீர் இங்கிருந்து போகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் நீரைக் காட்டிலும் வெடித்த வண்டலும் கருவேலஞ்செடிகளுமே கண்ணில் படும். அந்த வண்டல் தரையில் ஞாயிற்றுக்கிழமைகளில், பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறையாகையால், பையன்கள் பந்து உதைப்பார்கள். நாங்கள் கரையில் அமர்ந்து நாவல்களைப் பற்றிப் பேசுவோம். எங்கள் பேச்சு அவர்கள் காதில் விழுந்ததில்லை. அவர்கள் ஆட்டம் எங்கள் எழுத்தில் இடம்பெற்றதும் இல்லை.

அண்மையில் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இந்த நிம்மதியைக் குலைத்தது. 'ஒரு கால்பந்தாட்டக்காரரின் வாழ்க்கையை, அவர் போட்ட கோல்களைத் தாண்டி எழுதிய தமிழ்க் கட்டுரை ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்' என்றார் அவர். நாங்கள் அனைவரும் படிக்கிறவர்கள். சிலர் எழுதவும் செய்கிறவர்கள். எவருக்கும் உடனே ஒன்று நினைவுக்கு வரவில்லை. அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

கேள்வி கேட்ட நண்பர் அப்போது போஸ்னிய நாட்டு நடுக்கள ஆட்டக்காரர் மிராலெம் பியானிச்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 1990இல் துஸ்லா நகரில் பிறந்தவர் பியானிச். யுகோஸ்லாவியா சிதறிப் போர் மூண்ட காலத்தில் கைக்குழந்தையாகப் பெற்றோருடன் லக்சம்பர்க் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே சிற்றூர் அணி ஒன்றில் ஆடத் தொடங்கிப் பிரான்சின் மெட்ஸ் அணியினுடைய பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தார். 18 வயதில் லியோன் அணி அவரை எடுத்துக்கொண்டது. 2010இல் மாட்ரிட் நகரில், ரியால் மாட்ரிட் அணியின் சொந்தக் களத்தில் கோல் அடித்து அந்த அணியை ஐரோப்பியக் கோப்பையிலிருந்து வெளியேற்றியபோது அவருக்கு வயது 20கூட நிரம்பியிருக்கவில்லை. பின்னர் ரோமா, யுவெண்டஸ், பார்சலோனா. இளையோர் அணிகளில் லக்சம்பர்க்குக்காக ஆடியவர், பெரியோர் அணி என்று வந்தபோது பிறந்த மண்ணைத் தேர்ந்தார். 40 லட்சம் மக்களைக்கூட எட்டாத போஸ்னியா 2014இல் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடியது. ஈரானை வென்ற ஆட்டத்தில் ஒரு கோல் பியானிச்சினுடையது.

இதைக் கேட்டதும் நம்மில் பலருக்கு வழக்கமான ஒரு பெருமூச்சு எழும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. ஆயினும் நம்மிடையே ஒரு பியானிச் இல்லையே என்பதுதான் அப்பெருமூச்சு. அது நம்மைப் பிழையான இடத்துக்கு இட்டுச் செல்கிறது என்பது எங்கள் எண்ணம். பியானிச்சின் கதையை நாம் திறமையின் கதையாகவும் அகதியின் கதையாகவும் வாசித்துப் பழகிவிட்டோம். அது கதவுகளின் கதையும்கூட. சிறுவனாக இருந்தபோது ஒரு கதவு, பதின்வயதில் ஒரு கதவு, பதினெட்டில் இன்னொரு கதவு என்று ஒவ்வொரு வயதுக்கும் உரிய கதவு உரிய காலத்தில் அவருக்குத் திறந்திருந்தது. நம்முடைய ஆட்டக்காரர் ஒருவருக்கு எத்தனை கதவுகள் எந்த வயதில் திறந்தன என்று பார்த்தால், பெருமூச்சின் இடத்தில் வேறொன்று வந்து அமர்ந்துகொள்ளும்.

மைக்கேல் சூசைராஜை எடுத்துக்கொள்வோம். 1994ஆம் ஆண்டு அக்டோபரில் பிறந்தவர். சொந்த ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் உள்ள இரவிபுத்தன்துறை. நீரோடி முதல் இரையுமன்துறை வரை தோளோடு தோள் உரசி நிற்கும் எட்டு மீனவ ஊர்களில் ஒன்று அது. ஆழ்கடலுக்குச் சென்று சுறா பிடிப்பதில் பெயர்பெற்ற கடற்கரை. அதே அளவுக்குக் கால்பந்திலும் பித்துக்கொண்ட கடற்கரை. அலைக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையில் எஞ்சியிருக்கும் மணலில் பந்து உருட்டியே அங்கே பிள்ளைகள் நடை பழகுகிறார்கள் என்றால் மிகையில்லை. மணலில் ஆடுகிறவனுக்குப் பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொள்ளத் தெரிந்தாக வேண்டும். தட்டி விட்டால் அது போய்ச் சேராது. சூசைராஜின் இடதுகாலில் அந்த மணல் இருந்தது.

2016–17 பருவத்தில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் போட்டிக்குள் நுழைந்தது. அப்போது அவருக்கு வயது 22. அந்த வயதில் பியானிச் லியோனை விட்டு ரோமாவுக்குப் போய்விட்டிருந்தார். அடுத்த பருவத்தில் சென்னை சிட்டி கோயம்புத்தூரைத் தன் ஊராக்கிக்கொண்டது. அந்தப் பருவம் தொடங்கிய சில நாட்களில், 2017 நவம்பர் இறுதியில், ஒக்கி புயல் அடித்தது. கடலுக்குப் போயிருந்தவர்களை இழக்காத ஊர் அந்த எட்டில் அரிது. அந்தக் கடற்கரையிலிருந்து வந்த ஓர் இளைஞர் அந்தப் பருவத்தில் கோயம்புத்தூரின் பசும்புல்லில் ஆடிய ஆட்டமே அவரை நாட்டின் கண்ணில் பட வைத்தது.

2018இல் ஐ.எஸ்.எல். போட்டியில் ஆடும் ஜாம்ஷெட்பூர் அணி அவரை அழைத்துக்கொண்டது. 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்தியச் சீருடை கிடைத்தது. அப்போதைய இந்தியப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச், பியானிச்சின் குடும்பம் விட்டுவந்த அதே யுகோஸ்லாவியாவில் கால்பந்து கற்றவர். அதே ஆண்டு கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்குப் போனார் சூசைராஜ். இடப்பக்கம் முழுவதும், தற்காப்பும் தாக்குதலுமாக, ஒரே ஆள் ஏறி இறங்க வேண்டிய கடினமான பொறுப்பை அங்கே அவருக்குக் கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் ஏ.டி.கே. வாகை சூடியது. இறுதியாட்டத்தில் அது 3–1 என்று வென்றது, வேடிக்கை பாருங்கள், சென்னையின் அணியை.

அதே ஆண்டு நவம்பர் 20. கொள்ளைநோய்க் காலம் ஆகையால் பருவம் முழுவதையும் கோவாவிலேயே, பார்வையாளர் இல்லாத களங்களில் நடத்தினார்கள். பாம்போலிமில் நடந்த தொடக்க ஆட்டத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிராக, முதல் கால்மணி நேரத்துக்குள் சூசைராஜ் முழங்கால் அடிபட்டு விழுந்தார். 'ஐயோ' என்று சொல்லக்கூட அரங்கில் ஆள் இல்லை. அந்தப் பருவத்தில் அவர் மறுபடி ஆடவில்லை. மீண்டு வந்தபோது பழைய இடத்தில் வேறு ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2022இல் ஒடிசா அணிக்குப் பெயர்ந்தார்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, 'விதி, காயம் வந்துவிட்டது, என்ன செய்ய' என்று முடித்துவிடுவது எளிது. அந்த முடிப்போடுதான் எங்களுக்குக் கருத்து வேறுபாடு. காயம் எல்லோருக்கும் வருகிறது. 18 வயதில் பெரிய களத்துக்கு வந்தவர் 26 வயதில் அடிபட்டால், அவருக்குப் பின்னால் எட்டு ஆண்டுகள் இருக்கும். 22இல் வந்து, 23இல் கவனிக்கப்பட்டு, 24இல் நாட்டுக்கு ஆடி, 26இல் அடிபட்டவருக்குப் பின்னால் இருப்பவை நான்கே ஆண்டுகள். அவரை வீழ்த்தியது முழங்கால் மட்டுமன்று, தாமதமும்தான். அந்தத் தாமதத்தில் நமக்குப் பங்கு உண்டு.

இன்னொன்றும் உண்டு. அடிபட்ட மீனவன் படகை ஏற்றிக் கட்ட ஒரு கரை வேண்டும். ஐரோப்பாவில் பெரிய அணிகளில் ஆடி உடல் தளர்ந்தவர்கள் தாம் தொடங்கிய சிற்றூர் அணிக்கே திரும்பி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆடுவதும், பிறகு அங்கேயே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும் இயல்பான நடப்பு. சூசைராஜ் திரும்பி வருவதாக இருந்தால் எங்கே வருவார்? அவரை வெளிக்கொணர்ந்த சென்னை சிட்டி, அவர் போன அடுத்த பருவத்திலேயே, 2019 மார்ச்சில் ஐ-லீக் கோப்பையை வென்றது. கோயம்புத்தூரில் கடைசி நாள் ஆட்டத்தில் மினர்வா பஞ்சாப் அணியை 3–1 என்று வீழ்த்திப் பெற்ற கோப்பை அது. ஆனால் ஐ-லீகை வென்ற அணி ஐ.எஸ்.எல்.லுக்கு உயரும் வழி அன்று கிடையாது. அந்தக் கதவு முதன்முதலில் திறந்தது 2022–23 பருவத்தை வென்ற பஞ்சாப் அணிக்குத்தான். அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீகிலேயே இல்லாமற் போயிருந்தது. கோப்பை வென்ற இரண்டே ஆண்டுகளில் ஓர் அணி களத்தைவிட்டு மறைந்தது. நாம் அதைக் கவனிக்கவும் இல்லை. ஒரு சிற்றிதழ் நின்றுபோனால் எத்தனை அஞ்சலிகள் எழுதுகிறோம்!

'சென்னையின் எஃப்.சி. இருக்கிறதே' என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2015இலும் 2018இலும் வாகை சூடிய அணி அது. வியாசர்பாடியிலிருந்து வந்த நடுக்கள ஆட்டக்காரர் தனபால் கணேஷுக்கு இடம் கொடுத்ததும், அவர் 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோல் அடித்ததும் அங்கேதான். அவர் வாழ்க்கையையும் முழங்கால் காயமே இடைமறித்தது என்பது வேறு துயரம். எங்கள் வாதம் அந்த அணி மீது குறை சொல்வது அன்று. ஏழு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு உச்சப் போட்டியில் ஒரே வாசல் என்றால், அந்த வாசலில் நெரிசல்தான் இருக்கும். வீடு இருக்காது என்பதே.

வேர் என்பது என்ன என்று எங்கள் வட்டாரத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். அங்கேயே தங்கிவிடாமல் ஊர் திரும்பினார்கள். கற்றுவந்த தொழிலை நட்டு வைக்க ஊரில் இடமும் கைகளும் முதலும் இருந்தன. அதனால்தான் தீப்பெட்டியும், அச்சும், பட்டாசும் இந்தக் கரிசல் காட்டில் பிழைப்பாயின. சூசைராஜும் அதே கொல்கத்தாவுக்குத்தான் போனார், வென்றார், கற்றார். அவர் கற்றதை நட்டு வைக்க ஓர் அங்குலம் நிலத்தை நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோமா? திறமையை வெளியூருக்கு அனுப்புவதில் இழிவு இல்லை. அது திரும்பி வர இடமில்லாமல் இருப்பதே இழிவு.

இடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடையே சான்று இருக்கிறது. சூசைராஜ் பிறந்த அதே 1994இல் பிறந்தவர் கடலூரின் இந்துமதி கதிரேசன். அவரும் நடுக்கள ஆட்டக்காரர், இந்தியாவுக்கு ஆடியவர். 2018 தொடக்கத்தில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதியில் மணிப்பூரை வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகக் கோப்பையை வென்றபோது அவ்வணியில் இருந்தார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணி அவருக்குக் கிடைத்தது. ஆட்டம் போனாலும் சோறு போகாது என்ற உறுதி அது. 2019 மே மாதம் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்ற சேது அணியிலும் அவர் ஆடியிருக்கிறார். மதுரை அணி என்று சொல்லப்படும் அந்த அணியைப் பேணிய பொறியியல் கல்லூரி, எங்கள் விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி வட்டாரத்தில் இருக்கிறது. ஆனைக்குட்டத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. கரையில் உட்கார்ந்து உலக இலக்கியம் பேசிய எங்களுக்கு இந்தச் செய்தி வெகுகாலம் கழித்தே எட்டியது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

2019இல் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையே, ஆண்கள் ஐ-லீகும் மகளிர் லீகும் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தன. நாம் கொண்டாடியிருக்க வேண்டிய ஆண்டு அது.

ஏன் கொண்டாடவில்லை? இந்தக் கேள்வியை அரசிடமும் சங்கங்களிடமும் கேட்பதற்கு முன், எழுதுகிறவர்களாகிய நம்மிடம் கேட்டுக்கொள்வது நேர்மை. நடுக்கள ஆட்டக்காரர் செய்யும் வேலை கண்ணுக்குப் படாதது. பின்னால் இருந்து வரும் பந்தை வாங்குகிறார். எதிரி வந்து மோதுவதற்குள் உடலைத் திருப்புகிறார். முன்னால் ஓடுகிறவன் இன்னும் போய்ச் சேராத வெற்றிடத்துக்குப் பந்தை அனுப்புகிறார். கோல் விழும்போது அவர் முப்பது அடி பின்னால் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். எண்களால் எழுதும் செய்தித்தாளுக்கு அவர் அகப்படமாட்டார். அவரை எழுதச் சொற்கள் வேண்டும். சொற்கள் நம் கைவசம் அல்லவா இருக்கின்றன? ஒரு நாவலின் துணைப்பாத்திரத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதத் தெரிந்த நமக்கு, இரவிபுத்தன்துறையிலிருந்து கொல்கத்தா போன ஓர் இடதுகாலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதத் தோன்றாததை என்னவென்று சொல்வது?

உடலால் பிழைப்பவர்களைப் பற்றி நம் இலக்கியம் எழுதவே இல்லை என்று சொல்லமாட்டோம். உழவரை, நெசவாளரை, மீனவரை, தீப்பெட்டி ஒட்டிய பிள்ளைகளைத் தமிழ் எழுதியிருக்கிறது, பெருமையோடு சொல்லலாம். ஆனால் அவர்களைத் துன்பப்படுகிறவர்களாகவே பெரிதும் எழுதினோம். அவர்களுடைய உடலின் அறிவை, அது கைவரப்பெற்ற நேர்த்தியை, அதில் அவர்கள் அடையும் களிப்பை எழுதியது குறைவு. சரவெடி பின்னிய பெண்ணின் விரல்கள் பார்க்காமலே திரியை முடிந்ததிலும், நடுக்கள ஆட்டக்காரர் பார்க்காமலே பந்தை அனுப்புவதிலும் இருப்பது ஒரே வகை அறிவு. அந்த அறிவுக்கு மரியாதை செய்யாத பண்பாடு, அதை வளர்க்க மைதானம் கேட்டுப் போராடாது. அதற்கு வேலை தராது. அது மறையும்போது அழவும் செய்யாது.

கரைக்கு வருவோம். அணைத் தரையில் ஆடும் பையன்களில் ஒருவனுக்கு இடதுகால் நன்றாகப் பேசும். பெயர் வேண்டாம். பள்ளிப்படிப்பு முடிந்து இரண்டாண்டுகளாகப் பட்டாசு ஆலைக்குப் போகிறான். வெள்ளிப்பொடி ஒட்டிய கையோடு ஒருநாள் எங்களருகே தண்ணீர் குடிக்க வந்தவனிடம், கைப்பேசியில் சூசைராஜ் ஆடிய ஆட்டத்துணுக்கு ஒன்றைக் காட்டினோம். இருமுறை பார்த்தான். மூன்றாம் முறை பந்தை விட்டுவிட்டுக் கால் வைப்பை மட்டும் பார்த்தான். பிறகு கேட்டான்.

"கோல் அவரு போடலையாண்ணே?"

"இல்லப்பா. குடுத்தது அவரு."

"அப்ப பேப்பர்ல பேரு வராதே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எங்களால் சிரிக்க முடியவில்லை.

நாங்கள் கேட்பவை பெரியவை அல்ல. மாவட்டத்துக்கு ஒரு நல்ல களமும், அதில் பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை விடாமல் ஆடவைக்கும் ஓர் அணியும் வேண்டும். ஆடி முடித்தவர்கள் கற்றுக்கொடுக்கச் சம்பளத்தோடு திரும்பி வரும் ஏற்பாடு வேண்டும். காவல்துறை ஒரு பெண்ணுக்குச் செய்ததைப் பிற துறைகளும், லாபம் பார்க்கும் தொழில்களும் இன்னும் பலருக்குச் செய்ய வேண்டும். இவற்றைச் செய்யப் பணமும் அதிகாரமும் உள்ளவர்கள் வேறு.

நம் பங்கு ஒன்று எஞ்சியிருக்கிறது. அதற்குப் பணம் வேண்டாம். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு சூசைராஜ், ஓர் இந்துமதி, ஒரு கணேஷ் இருக்கிறார்கள். அவர்கள் எந்த மணலில் கற்றார்கள், எந்த வயதில் எந்தக் கதவு திறந்தது, எது மூடியிருந்தது என்று விசாரித்து எழுதுவோம். கோலுக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி நிற்பவரின் பெயரை எழுதுவோம். அணைத் தரையில் ஆடும் பையனுக்கு அடுத்த ஞாயிறு படிக்கக் கொடுக்க எங்களிடம் இப்போதைக்கு இந்தக் கட்டுரைதான் இருக்கிறது.